கொண்டு விட வந்தவர்

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அடிஸ் அபாபா வந்து சேர்ந்தோம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று கோவில்பட்டியே கூடிச் சொன்னதை நம்பி, பெட்டி நிறைய மெல்லிய பருத்திச் சேலைகளும் ஒரு கைவிசிறியும் கொண்டுவந்திருக்கிறேன். விமானத்தை விட்டு இறங்கியதும் பல் தந்தியடித்தது. இங்கே ஆகஸ்ட் மழைக்காலமாம். ஊர் வேறு மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அழைத்துப் போக வந்த பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் கம்பளிக் கோட்டோடு நின்றார். நான் விசிறியோடு நின்றேன். இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தியவள் இப்படித்தான் வந்து இறங்கியிருக்கிறேன்.

சுங்கத்தில் இவருடைய பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இவர் என்றால் கனகவேல், என் வீட்டுக்காரர், ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர். பெட்டிக்குள் ஸ்பேனர், குறடு, ஸ்க்ரூடிரைவர் கட்டு, காயில் சுற்றும் கை மெஷின். நடுவில் ஒளிந்துகொண்டு மூன்று சட்டை. அதிகாரி இதெல்லாம் எதற்கு என்று கேட்க, இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை மொத்தமாக எடுத்து விட்டார்: "ஐ ட்ராப் வைஃப். ஐ கோ பேக்." அதிகாரி சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

"எதுக்குங்க இவ்வளவு சாமான்?" என்று நானும் கேட்டேன்.

"கடையில வச்சிட்டு வந்தா முத்துராஜ் தொலைச்சிருவான்." முத்துராஜ் இவர் தம்பி மகன், இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவன். பாவம், அவன் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிற பள்ளி 24ஆம் தேதி திறக்கிறது. இவர் 21ஆம் தேதி விமானம் ஏறுகிறார். ஊரில் எல்லோரிடமும் "கொண்டு விட்டுட்டு வந்துருவேன்" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார். பெண்ணைக் கொண்டுபோய் விடுவது அப்பாவோ அண்ணனோ செய்கிற வேலை. கட்டினவர் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் வழியனுப்ப வந்த இடத்தில் இவருடைய அக்கா வீட்டுக்காரர், பெரிய அத்தான், "என்ன மாப்ள, இனி பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பாடா?" என்று கேட்டு, எல்லோரும் சிரித்து, இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மனிதர் ஒருவாரம் சரியாகச் சாப்பிட மாட்டார்.

எனக்கொன்றும் இல்லை. போகட்டும். தனியாக இருக்கத் தெரியாதவளா நான்?

ஆகஸ்ட் 3

வீடு ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் பின்கட்டு. முன்வீட்டில் சொந்தக்காரி அஸ்தேர் இருக்கிறார். அறுபது வயது, கணீர்க் குரல். சின்ன வயதில் அஸ்தேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கேரளத்து ஆசிரியராம். அதனால் ஆங்கிலத்தில் மலையாள வாசம் அடிக்கிறது. என்னைப் பார்த்ததும் "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவரைப் பார்த்து, "இவரும் டீச்சரா?" என்றார்.

"ஐ ட்ராப் வைஃப்" ஆரம்பித்துவிட்டது.

கட்டில் ஆடுகிறது. குழாய் ஒழுகுகிறது. ஒரு கதவு மூடினால் திறக்க மாட்டேன் என்கிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 4

சோறு வேகவில்லை. ஒருமணி நேரம் கொதித்தும் அரிசி அரிசியாகவே நின்றது. மட்டமான அரிசி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் திட்டித் தீர்த்தேன். இவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏ சந்தனம், ஒசரமான எடத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும், ஆனா சூடு பத்தாதுன்னு முகிலுக்குப் பாடம் சொல்லிக்கிட்டிருந்தியே, அது எந்த ஊருக்கு?"

முகில் எங்கள் மகன். பத்தாம் வகுப்பில் அவனுக்கு இதே கேள்வி வந்து, அவன் தப்பாக எழுதி, நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். இவர் உடனே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்பனும் மகனும் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

நாளை முதல் வேலை, குக்கர் வாங்குவது.

ஆகஸ்ட் 6

பள்ளிக்குப் போய்ப் பார்த்தோம். ஆய்வகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் விரிந்துவிட்டது. ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வோல்ட்மீட்டர் வைத்து, அதையும் "தொடாம பாருங்க" என்று நடத்தியவள் நான். இங்கே பெஞ்சுக்குப் பெஞ்சு வைத்திருக்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது. பிள்ளைகள் எழுந்து நிற்காமலே கேள்வி கேட்பார்களாம். திறப்பதற்கு முன் மற்ற ஆசிரியர்கள் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

தலைமையாசிரியை இவரிடம் கை கொடுத்து, "நீங்களும் இங்கே தங்குகிறீர்களா? சொன்னால் விசா எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார்.

"இல்லை, என்னைக் கொண்டு விடத்தான் வந்தார்" என்றேன் நான். எனக்கு முன்னாலேயே இவர் தலையாட்டி முடித்துவிட்டார். அவ்வளவு அவசரம்.

ஆகஸ்ட் 7

மழை. வெந்நீர். மறுபடி மழை. மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 8

அஸ்தேர் காபிக்குக் கூப்பிட்டார். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, கண்முன்னால் கொட்டையை வறுத்து, இடித்து, மண்கூஜாவில் காய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கூடை சோளப்பொரி. என் பிறவிப் பயன் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

குடித்து முடித்ததும் நான் எழுந்துவிட்டேன். காபி கொடுத்தவர் வீட்டில் அதற்குமேல் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குத் தொந்தரவுதானே. "போய்ட்டு வர்றோம்" என்று இவரையும் கிளப்பினேன். அஸ்தேர் முகம் சுருங்கிவிட்டது. இவர் வெளியே வந்து, "நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு எழுப்புன?" என்று முணுமுணுத்தார்.

ஆகஸ்ட் 9

அஸ்தேர் நேரில் வந்து கேட்டேவிட்டார்: "டீச்சர், என் காபியில் என்ன குறை?"

இங்கே காபி என்றால் மூன்று சுற்றாம். மூன்றாவது கிண்ணத்தில்தான் ஆசீர்வாதம் இருக்கிறதாம். முதல் கிண்ணத்தோடு எழுந்து போவது, உன் ஆசீர்வாதம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றுதான் எழுந்தேன் என்றேன். "நான் கூப்பிட்டேனே, பிறகு என்ன தொந்தரவு?" என்றார்.

சாயங்காலம் மறுபடி போய் மூன்று கிண்ணமும் குடித்தோம். மூன்றாவதை ஊற்றிக்கொண்டே அஸ்தேர் சட்டென்று கேட்டார்: "உங்கள் கணவர் ஏன் போகிறார்?"

"அவருக்கு ஊரில் கடை இருக்கிறது" என்றேன்.

இவருக்காக நான் அதைத் தமிழில் சொன்னபோது, "அவளுக்கு இங்க ஆயிரம் வேலை, நான் இருந்தா இடைஞ்சல்னு சொல்லு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அஸ்தேர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பொரிக் கூடையை நகர்த்தினார்.

இடைஞ்சலாம். நான் எப்போது சொன்னேன்? இருங்கள் என்று நான் சொன்னால், இருபத்தெட்டு வருடக் கடையை மூடுங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அது என்ன நியாயம்? நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 11

கட்டில் ஆடவில்லை. கதவு திறக்கிறது. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. "எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல, இனி ஒனக்குக் கவலை இல்ல" என்றார் இவர், காலையில்.

சாயங்காலம் குழாய் மறுபடி ஒழுகியது. அதுவாகத்தான் கெட்டது. அப்படித்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இவர் குனிந்து பார்த்து, "வாஷரக் காணோமே?" என்றார். எலி தூக்கிப் போயிருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 13

என் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி அடிக்கிறேன் என்று மூன்று நாளாகச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார். நேற்று அளந்த சுவர் இன்றைக்கு வளர்ந்தா இருக்கும்? ஊரில் டீ ஆறுவதற்குள் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போடுகிற ஆள். பலகையை எடுக்கிறார், தடவுகிறார், "ஈரமா இருக்கு, காயட்டும்" என்று திரும்ப வைக்கிறார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஆள் மந்தமாகிவிட்டார்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. புது வாஷர் நாளைக்கு வாங்கலாமாம். நாளைக்கும் நாளைக்குத்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 15

சுதந்திர தினம். அஸ்தேர் வீட்டுச் சிறு ரொட்டியில் சர்க்கரை தொட்டு மிட்டாய் என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

மாதிரிப் பாடம் நடத்திப் பார்த்தேன். பாடம்: சோறு ஏன் வேகவில்லை. என் அவமானத்தையே பாடமாக்கிவிடுவது என்று முடிவு. இவர்தான் மாணவர். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எழுந்து நிற்காமல் கேள்வி கேட்டார்.

"மிஸ், மலைமேல தண்ணிக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?"

"மிஸ், குக்கர் விசில் அடிக்கது சந்தோஷத்துலயா, கோவத்துலயா?"

நான் சிரித்துச் சிரித்துப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு இவரே எழுந்து, "இங்கிலீஷ்ல சொல்லும்போது நீ ரொம்ப வேகமாப் போறே. ஒனக்கு பயம்னா வேகமாயிருவ. நிறுத்தி நிறுத்திச் சொல்லு, நல்லாருக்கு" என்றார். ஒரு வார்த்தை புரியாதவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ. மறுபடி நடத்தினேன். நன்றாக வந்தது.

இவர் போன பிறகு இப்படி யார் எதிரில் உட்கார்வார்கள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

ஆகஸ்ட் 16

அஸ்தேர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மெர்காட்டோ சந்தைக்குப் போய், பழைய கம்பியைக் காட்டிப் புதுக் கம்பி வாங்கிவந்து, மெஷினைச் சுழற்றிக் காயில் கட்டி, சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. அஸ்தேர் இவருடைய இரண்டு கன்னத்திலும் மாறிமாறி முத்தம் கொடுத்தார். இந்த ஊர் வழக்கம் அது. இவர் அப்படியே மரமாகிவிட்டார். இன்றைக்கு முழுவதும் என்னை நேராகப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தை முகிலுக்கு நான் போன் போட்டுச் சொன்னேன். பழிக்குப் பழி.

ஆகஸ்ட் 17

சந்துக்குள் செய்தி பரவிவிட்டது. காலையிலேயே வாசலில் மூன்று மோட்டார். மதியத்துக்குள் இரண்டை முடித்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் குடுத்துரணும்" என்று கை பறக்கிறது. பேச்சுத் துணைக்குச் சந்துக்காரர்கள் நாலு பேர். இவர் தமிழில் பேசுகிறார், அவர்கள் அம்ஹாரிக்கில் பேசுகிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் உறைத்தது. அடுத்தவர் மோட்டாருக்கு அரை நாள். வீட்டு அலமாரிக்கு ஒரு வாரம். மந்தமும் இல்லை, உயரமும் இல்லை. வேலை முடிந்துவிட்டால் கிளம்ப வேண்டுமே என்றுதான் இந்த மனிதர் பலகையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

குழாய் வாஷர் என் பர்ஸில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். நானும் அதே லட்சணம்தான்.

கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது? கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் சோறு வேண்டுமா, தூக்கம் வருகிறதா என்பதைத் தவிர நாங்கள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

ஆகஸ்ட் 18

இதை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அஸ்தேர் ஒரு கூடை நிறைய உருண்டை ரொட்டி கொடுத்து, "சாயங்காலம் வேண்டும்" என்றார். சாயங்கால டிபனுக்குத்தான் என்று நினைத்து, வெங்காயச் சட்னி அரைத்து, இரண்டு பேரும் ஒரு கை பார்த்தோம். மீதியைச் சந்துக்காரர்களுக்கும் கொடுத்தோம்.

பொழுது சாயும்போது காம்பவுண்டுக்குள் கம்புகளோடு பத்துப் பதினைந்து பையன்கள் நுழைந்தார்கள். தரையில் கம்பை இடித்து ஒரே சத்தம். ஏதோ தகராறு என்று நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இவர் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே அஸ்தேர் குரல்: "டீச்சர், கதவைத் திற! பூஹே! பண்டிகை! வீட்டுக்கு வீடு பாட வந்திருக்கிறார்கள். ரொட்டி எங்கே?"

ரொட்டி எங்கள் வயிற்றில் இருந்தது.

இவர்தான் சமாளித்தார். பொங்க மாட்டேன் என்று இரண்டு நாளாக அடம்பிடித்துக்கொண்டிருந்த தோசை மாவை எடுத்தார், அடுப்பை மூட்டினார். பையன்கள் பாடப் பாட, இவர் தோசை தோசையாகச் சுட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். இங்கே புளித்த மாவில் பெரிய தோசை மாதிரி இஞ்ஜெரா என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். அதனால் பையன்களுக்கு இது அதன் தம்பி போலத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டு மாறியது. எல்லோரும் இவரைப் பார்த்துப் பாடினார்கள். அஸ்தேர் விளக்கினார்: "வீட்டுத் தலைவரை வாழ்த்துகிறார்கள். அடுத்த வருடமும் நாங்கள் வருவோம், நீங்களே கதவைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். ஆமென் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் அவர்கள் போகமாட்டார்கள்."

நான் தமிழில் சொன்னேன். இவர் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"வெள்ளிக்கிழமை நான் போயிருவேன்ல, சந்தனம். சின்னப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பொய் சொல்ல? டீச்சரம்மா தொறப்பாங்கன்னு நீயே சொல்லிரு."

பையன்கள் கம்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அஸ்தேர் காத்திருந்தார். தோசை கருகுகிற வாசம் வந்தது.

"போக வேண்டாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். "நீங்க போக வேண்டாம். எனக்கு நீங்க இங்க வேணும். கடைக்கு என்ன செய்யணுமோ செய்வோம். போகாதீங்க."

தமிழில் சொன்னதால் அத்தனை பேர் நடுவில் இவருக்கு மட்டும்தான் புரிந்தது. இவர் மெதுவாகத் தோசையைத் திருப்பிப் போட்டார். கருகிப்போன தோசையைத் திருப்பி என்ன ஆகப் போகிறது? பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆமென்!" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், முன்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

பையன்கள் போன பிறகு கேட்டேன். "கடைய என்ன செய்யங்க?"

"கடையா? அத முத்துராஜ்ட்ட ஒப்படைச்சுட்டுத்தான வந்தேன்."

"எப்ப?"

"கெளம்புறதுக்கு முந்தின வாரம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்ப ஏன் சொல்லல? நான் இங்க ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கேன்!"

"நீ கேக்கலியே." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலை ஒனக்குக் கெடச்சுது. வீடு ஒனக்குக் குடுத்தாங்க. கேக்காம நானா வந்து உக்காந்துக்கிட்டா, அத்தான் சொன்னது நெசமாப் போயிரும்ல. நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பர்ஸைத் திறந்து வாஷரை எடுத்து இவர் கையில் வைத்தேன். இரண்டு விரலில் பிடித்து உருட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

ஆகஸ்ட் 19

காலையிலிருந்து இவர் ஊருக்குப் போன் மேல் போன்.

முதலில் முத்துராஜ். "நான் வரலடா. பெரியம்மா விடமாட்டேங்கா."

பிறகு முகில். "அம்மா போக வேண்டாம்னு சொல்லிட்டா. நான் என்ன செய்ய?"

பிறகு டீக்கடை ராமர். "கையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கா." நான் கையைப் பிடிக்கவில்லை.

பிறகு மதினி, அதாவது இவருடைய அக்கா. "அழுதுட்டா அக்கா." நான் அழவே இல்லை.

ஒவ்வொரு போனுக்கும் கதை ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் பெரிய அத்தான். நான் அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

"ஆமா அத்தான், வரல… ஆமா, பொண்டாட்டி சம்பளத்துலதான்… இங்க மோட்டாரும் வருது, அது வேற விஷயம்… இல்ல அத்தான், கோவமெல்லாம் இல்ல. அவளே இருக்கச் சொல்லிட்டா. நாலு பேரு முன்னால சொன்னா. ஒங்கள யாராவது அப்படி இருக்கச் சொல்லியிருக்காங்களா, சொல்லுங்க?"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இப்போதுதான் நான் அழுதேன். ஆக, மதினியிடம் இவர் சொன்னது பொய் இல்லை.

ஆகஸ்ட் 21

அலமாரி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 22

மாதிரிப் பாடம் நடத்தினேன். வேகாத சோற்றைக் கிண்ணத்தில் கொண்டுபோய் ஒவ்வொருவரையும் ஒரு பருக்கை கடித்துப் பார்க்கச் சொன்னேன். கைதட்டினார்கள். நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

முதல் நாள். எழுத எவ்வளவோ இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து கேட்ட கேள்வி, நான் வழிதவறி இசை வகுப்புக்குள் நுழைந்தது, என்னுடைய

இவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எழுதுனது போதும். என்ன நடந்துச்சு, காலையில இருந்து ஒண்ணு விடாமச் சொல்லு" என்கிறார். சொல்வதற்கு ஆள் இருக்கும்போது எழுதிக்கொண்டிருப்பானேன்? மூடி வைக்கிறேன்.